எட்டரை மணிச் செய்தி

உங்களுக்கு முன்னால் பதினான்கு பேர் இருக்கிறார்கள் என்று திரையில் வந்தது. அந்தப் பதினான்கு பேர் யார் யாராக இருக்கும் என்று சுலோசனா யோசித்தாள். எந்தெந்த ஊரில், எந்தெந்தச் சாப்பாட்டு மேசையில், இவளைப் போலவே சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் பான் கார்டைப் பிடித்துக்கொண்டு, நான் நான்தான் என்று சொல்வதற்காக உட்கார்ந்திருக்கிறார்களோ. கார்டு வியர்வையில் விரலோடு ஒட்டியது. தொழில் தொடங்குவதற்கென்றே எடுத்த கார்டு அது. அதற்கு முன் வரி கட்டும் அளவுக்கு அவளிடம் எதுவும் இருந்ததில்லை, பின்னும் இல்லை, ஆனால் பதினோரு வருஷமாகத் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறாள். படத்தில் இருந்தவளுக்குக் கன்னம் இருந்தது. அந்தக் கன்னம் எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்கு மட்டும் கணவர் பதில் எழுதித் தரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எழுதித் தந்திருந்தார், நீலப் பேனாவில், அலுவலகக் குறிப்பு எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில், ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டு. அந்தத் தாள் மடிக்கணினிக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, கேமராவின் கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, பழைய பேப்பரை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெகநாதன், அரசு அலுவலகக் கண்காணிப்பாளர், வயது ஐம்பத்து நான்கு. மூட்டு வலிக்காரர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்து ஐந்தாறு வருஷம் இருக்கும்.

“ஆமான்னு மட்டும் சொல்லு அம்மிணி. கூடக் கொறைய ஒண்ணும் வேண்டாம்,” என்றார் கீழேயிருந்து. “சிரிக்கோணுமா?” “என்னத்துக்குச் சிரிப்பு?” “ஓனருங்க சிரிப்பாங்களா, மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருப்பாங்களான்னு கேட்டேன்.” “லேசாச் சிரி. ரொம்பச் சிரிச்சா சந்தேகப்படுவாங்க.” அவள் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்துப் பார்த்தாள். அது பல் வலிக்காரியின் சிரிப்பு போல இருந்தது. ஓனர். தொழிலின் பெயர் ‘அருகில் ஹோம் கேர்’. காகிதத்தில் சுலோசனா எண்டர்பிரைசஸ். பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்க, கோயம்புத்தூரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பி மருந்து கொடுத்து, சோறு ஊட்டி, குளிப்பாட்டி விடுகிற தொழில். நாற்பத்து மூன்று வீடு, பத்தொன்பது பராமரிப்புப் பெண்கள், தடாகம் ரோட்டில் டூவீலர் ஷோரூமுக்கு மேலே ஓர் அறை. அரசு ஊழியர் தன் பெயரில் தொழில் நடத்தக் கூடாது. ஆகவே அவருடைய அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரி பெயரில் ஏதோ ஒன்று ஓடுகிறது, ஒருத்தருக்கு ஜெராக்ஸ் கடை, ஒருத்தருக்குச் செங்கல் சூளை, ஒருத்தருக்குக் கல்யாண மண்டபம். அந்த வீட்டுக்காரிகள் அலுவலகக் குடும்ப விழாவில் சந்தித்துக்கொண்டால், உங்க சூளை எப்படிப் போகுது, உங்க மண்டபத்துல ஆவணிக்கு டேட் இருக்குதா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். சுலோசனாவும் சிரித்திருக்கிறாள். தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது வருவார், இங்கொரு சைன் என்பார், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாஷிங் மெஷின் மூடிமேல் வைத்துப் போடுவாள். என்ன காகிதம் என்று முதல் வருஷம் கேட்டாள். இரண்டாவது வருஷம் தேதி மட்டும் கேட்டாள். ஷோரூமுக்கு மேலே இருக்கும் அந்த அறைக்கு அவள் போவது வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜையன்று. ஓனர்தான் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் வற்புறுத்துவார்கள், உடைப்பாள், கையில் குங்குமம் ஒட்டும், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

பதினொன்று என்று திரை சொன்னது. பின்னணியில் ஏதோ ஒரு வாத்தியம், புல்லாங்குழலுமில்லை பியானோவுமில்லை, ஒரே எட்டு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து எட்டாவது ஸ்வரத்தில் சற்றே தடுக்கியது. இதெல்லாம் அமெரிக்க விதி. அங்கே கூப்பிடுகிறவருக்குச் செலவில்லாத டோல் ஃப்ரீ எண் என்று ஒரு வகை எண் இருக்கிறது, எட்டு பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்றோ எட்டு எட்டு எட்டு என்றோ தொடங்கும். அந்த எண்ணிலிருந்து செய்தி போனால் பிள்ளைகளுக்கு உள்ளூர் நிறுவனம் போல மதிப்பாகத் தெரியும் என்று ஜெகநாதன் நாலு வருஷத்துக்கு முன் ஒன்றை வாங்கினார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்று அவள் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திரும்பக் கேள்வி கேட்பாங்க, போட்டோ அனுப்பு வீடியோ அனுப்பும்பாங்க, இது போச்சுன்னா போச்சு என்றார். இப்போது அந்த எண்ணிலிருந்து செய்தி அனுப்ப வேண்டுமானால் அனுப்புகிற நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா, யாருடையது, பதிவு எண் என்ன, பெறுகிறவர்கள் சம்மதம் தந்தார்களா, என்ன செய்தி அனுப்புவீர்கள் என்று எல்லாம் எண் விற்ற கம்பெனிக்குக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால்தான் விடுவார்கள். ஒன்பது நாளாக அவர்கள் எண் ஊமையாகக் கிடந்தது. முதல் தடவை விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் ‘அருகில்’ என்று போட்டார், காகிதத்தில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை தொடர்புக்குத் தன் கைபேசி எண்ணைப் போட்டார். உரிமையாளர் பெண், எடுத்தவர் ஆண் என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவது இது. உரிமையாளரே வீடியோவில் முகம் காட்ட வேண்டும். பதிவு செய்யப்படும். இதுவும் போனால் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும்.

தாளில் ஏழாவது கேள்வி, உங்கள் வாடிக்கையாளர்கள் செய்தி பெறச் சம்மதித்தார்களா? பதில்: ஆமாம், சேர்க்கைப் படிவத்தில் கட்டம் உள்ளது, அதில் டிக் செய்து கையெழுத்திடுகிறார்கள். எட்டாவது, ஒருவர் நிறுத்து என்று பதில் அனுப்பினால் உடனே நிறுத்துகிறீர்களா? பதில்: ஆமாம். ஒன்பதாவதை அவள் கண் தாண்டிப் பத்தாவதுக்குப் போய், மறுபடி ஏழுக்கு வந்தது. சம்மதம். பெறுகிறவர் சம்மதிக்க வேண்டும் என்று இவ்வளவு கவலைப்படுகிறார்கள். அனுப்புகிறவள் சம்மதித்தாளா என்று ஒரு கட்டம் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தாலும் வாஷிங் மெஷின் மேல் வைத்து டிக் போட்டிருப்பாள். எதிர் ஃபிளாட்டில் யாரோ கறிவேப்பிலை தாளித்தார்கள், தும்மல் வருகிற மாதிரி வந்து வராமல் நின்றது, தும்மினால் இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி குடிச்சுக்கோ,” என்றது தரை. “வேண்டாமுங்க, அப்பறம் பாத்ரூம் வரும்.” “ஒன்பதாவது படிச்சியா? அதுதான் முக்கியம்.” “படிச்சேன்.” படிக்கவில்லை. காலையிலிருந்து அதை மட்டும் படிக்காமல் இருந்தாள்.

ஒன்பதாவது கேள்வி, மாதிரிச் செய்தி. அப்பா காலை உணவு சாப்பிட்டார், இட்லி இரண்டு, மாத்திரை எடுத்துக்கொண்டார், நலமாக இருக்கிறார், அருகில். அம்மாவாக இருந்தால் அம்மா. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் காலை எட்டரைக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. முதல் இரண்டு மாசம் அந்தந்தப் பெண்கள் முடித்துவிட்டு அறைக்குப் போன் செய்வார்கள், அறையிலிருந்து அனுப்புவார்கள். ஒருத்தி ஒன்பதுக்குச் செய்வாள், ஒருத்தி பத்துக்கு, ஒருத்தி மறந்துவிடுவாள். செய்தி வராத மகன்கள் அங்கே பதறிப்போய்த் தூங்காமல் கூப்பிடுவார்கள். பிறகு நேரம் குறித்து வைத்துவிட்டார்கள். எட்டரை ஆனால் அதுவே போகும். எல்லோருக்கும் நிம்மதி. போன மாசம் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை அன்றும் எட்டரைக்குப் போயிற்று. தாமோதரசாமி, எண்பத்தொரு வயது, மில்லில் பருத்தி தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சாய்பாபா காலனியில் மூன்றாவது மாடி. ராத்திரிப் பெண் ஆறு மணிக்குப் போய்விட்டாள். பகல் பெண் ஜோதிமணி ஏழுக்கு வர வேண்டியவள், பஸ் கிடைக்காமல் ஒன்பது இருபதுக்கு வந்தாள். கதவைத் தன் சாவியால் திறந்து, அவர் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் கிடந்ததைப் பார்த்தாள். ஏழு மணி வாக்கில் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஏழு மணி வாக்கில் போனவர் எட்டரைக்கு இட்லி சாப்பிட்டார். அவருடைய ஒரே மகள் ஹேமலதா வட கரோலினாவில் இருக்கிறாள், அங்கே அப்போது ராத்திரி பதினொன்று, செய்தியைப் பார்த்துவிட்டுப் போனை ஒலி அணைத்து வைத்துத் தூங்கியிருக்கிறாள். இங்கிருந்து பதினேழு தடவை கூப்பிட்டார்கள். காலையில் எழுந்தவள் முதலில் எதைப் பார்த்திருப்பாள், அப்பா நலமாக இருக்கிறார் என்பதையா, பதினேழு தவறிய அழைப்பையா? இந்த இடத்துக்கு வந்ததும் சுலோசனாவின் நினைப்பு ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும், பல் போன இடத்துக்கு நாக்கு போவது போல மறுபடி அங்கேயே போகும். எது மேலே இருந்திருக்கும்? பின்னால் வந்ததுதான் மேலே இருக்கும். அப்படியென்றால் பதினேழையும் தள்ளிவிட்டுத்தான் கீழே அதைப் படித்திருப்பாள். இல்லை, அதை முந்தின ராத்திரியே படித்துவிட்டாளே. படித்துவிட்டு ஒருவேளை சிரித்திருப்பாள். ரெண்டு இட்லி.

எட்டு. எட்டிலிருந்து நகராமல் நின்றது. ஹேமலதா அன்று அந்த எண்ணுக்கே ஆங்கிலத்தில் பதில் அனுப்பினாள், இதை அனுப்பியது யார் என்று. யாருமில்லாத எண். உங்கள் செய்திக்கு நன்றி, உதவிக்கு ஹெல்ப் என்று அனுப்பவும் என்று அதுவே பதில் சொல்லிற்று. மறுபடி கேட்டாள், யார் அனுப்பியது. உங்கள் செய்திக்கு நன்றி. மூன்றாவது தடவையும். அதற்குப் பிறகு ஒரே ஒரு சொல், ஸ்டாப். அந்தச் சொல் மட்டும் அதற்குப் புரியும். நீங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டீர்கள், இனி செய்தி வராது என்று சொல்லிவிட்டு நின்றது. இதையெல்லாம் ஜெகநாதன் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் மின்கட்டணம் கட்டுவதற்காக இதே மடிக்கணினியைத் திறந்தபோது அந்தச் செய்திகள் இருந்த ஜன்னல் திரையில் மூடாமல் கிடந்தது, படித்தாள், பக்கத்தில் ஒரு மின்னஞ்சலும் கிடந்தது, அதையும் படித்தாள். உங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் யார், அவரிடம் நான் பேச வேண்டும், பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அந்தச் செய்தியோடு போலீசுக்கும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். ஜெகநாதன் அதற்கு ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு பத்தி எழுதி, கீழே நிர்வாகம் என்று போட்டிருந்தார். நிர்வாகம். அவளுக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பொறாமை கூட வந்தது. அதற்கு முகம் இல்லை, அதைக் கேமரா முன்னால் உட்கார வைக்க முடியாது. இன்றைக்கு இவள் ஆமாம் என்று சொன்னால், அந்த ஆமாம் எங்கோ பதிவாகி இருக்கும். ஹேமலதா கேட்டுக்கொண்டு வந்தால், இதோ இந்த அம்மாள்தான் என்று எடுத்துக் காட்டுவார்கள், கன்னம் போன முகத்தோடு. நானில்லை, இதோ தரையில் உட்கார்ந்திருக்கிறாரே அவர் என்று சொன்னால் ஆறு வருஷத்தில் ஓய்வு பெற வேண்டியவருக்கு வேலை போகும், பென்ஷன் போகும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் எண் போகும், நாற்பத்து மூன்று வீட்டில் எத்தனை பேர் வேறு ஆள் பார்ப்பார்களோ, ஜோதிமணி எங்கே போவாள், அவள் ஏற்கனவே அன்றிலிருந்து பஸ்ஸைப் பார்த்தாலே அழுகிறாளாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்ற பக்கம் மட்டும் காலியாக இருந்தது, அங்கே அவள் மட்டும் நின்றால் போதும்.

ஐந்து. கால் மரத்துப் போய் ஜெகநாதன் பேப்பர் சரசரக்க நகர்ந்தார். “வெப்சைட்டு பாப்பாங்க. அதுல உன் போட்டோ இருக்குது, கேட்டா ஆமான்னு சொல்லு.” “அதை இன்னும் எடுக்கலீங்களா?” “எடுத்தா ஓனர் முகமே இல்லாமப் போயிருமேன்னுதான் விட்டு வெச்சேன்.” அந்தப் படத்தில் அவள் பக்கத்தில் தாமோதரசாமி இருந்தார். போன மார்ச் மாசம், உரிமையாளர் வாடிக்கையாளரோடு இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று ஜெகநாதன் அவளை அந்த மூன்றாவது மாடிக்கு அனுப்பினார், பார்வைக்கு நன்றாக இருப்பவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போட்டோக்காரன் விளக்கை மாட்டிக்கொண்டிருந்த கால் மணி நேரம் அவர் வெள்ளை அரைக்கைச் சட்டையில், சட்டைப் பையில் ஒரு பேனாவோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கதான் ஓனருங்களா?” என்றார். அப்படி ஒருவர் அவளை நேருக்கு நேர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாங்க என்றாள். “அப்ப உங்ககிட்டயே ஒரு கம்ப்ளைண்டு. நான் காலையில இட்லி திங்கறதில்ல. ஒரு காப்பி, ரெண்டு மேரி பிஸ்கட்டு. ஆனா உங்க ஆபீஸு தினமும் எனக்கு ரெண்டு இட்லி ஊட்டிவிடுது. என்ற புள்ள அங்கிருந்து போன் பண்ணி, ரெண்டு இட்லி தின்னும் ஏம்ப்பா இப்படி எளச்சுப் போனேன்னு வையறா. ஒண்ணு இட்லியக் குடுங்க, இல்லாட்டி இட்லின்னு சொல்றத நிறுத்துங்க.” அவள் சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார், போட்டோக்காரன் அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தான். “சிரிக்கறதுக்குச் சொல்லல அம்மணி. ஒரு நாளைக்கு நான் செத்தே போயிருந்தாலும் அது இட்லி தின்னாருன்னுதான் சொல்லும்” என்று அவர் சொன்னாரா? இல்லை. அதை அவர் சொல்லவில்லை. இந்த ஒரு மாசத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை அவளாகவே அவர் வாயில் வைத்துவிட்டாள், எத்தனை தடவை எடுத்துப் போட்டாலும் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் சொன்னது இட்லி வரைக்கும்தான். அது போதாதா? வீட்டுக்கு வந்து ஜெகநாதனிடம் சொன்னாள். அது டெம்ப்ளேட்டு, ஒருத்தருக்காக மாத்த முடியாது, நாளைக்கு இன்னொருத்தர் உப்புமாம்பாரு என்றார். சரி என்று விட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரிக்கு என்ன செய்வது என்று யோசிக்கப் போனாள். பதினோரு வருஷத்தில் ஓனர் என்று நம்பி ஓனரிடம் வந்த ஒரே புகார் அது. அதை அவள் அடுக்களையில் வைத்து மறந்தாள். செய்தி பொய் என்று ஜெகநாதனுக்குத் தெரியும், அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், செத்தவருக்கும் தெரியும். தனக்கும் தெரியும் என்பது ஜெகநாதனைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று. இரண்டு. இரண்டு என்று வந்ததும் புடவையின் தோள்மடிப்பைச் சரிசெய்தாள், வேண்டுமென்றே ஊறுகாய் ஜாடியைப் பார்க்காமல் இருந்தாள், அதன் மூடியில் எண்ணெய் கசிந்து தாளின் ஓரத்தில் பரவிக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு மகள் ஒரு சாயங்காலம் யார் அனுப்பியது என்று கேட்டது இவர்களுக்கு எப்படித் தெரியும்? பெயரும் எண்ணும் முகமும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பொருந்தும். அதுதான் பயமாக இருந்தது, எல்லாம் பொருந்திவிடும். வாத்தியம் எட்டாவது ஸ்வரத்துக்கு வருவதற்குள் அறுந்தது.

திரையில் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண், பின்னால் ஆபீஸ் தடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. “குட் ஈவ்னிங், திஸ் கால் இஸ் பீயிங்…” என்று ஆரம்பித்தவள் கீழே எதையோ பார்த்துவிட்டு, “சுலோசனா மேடம், நீங்க கோயம்புத்தூரா? தமிழ்லயே பேசலாமா? அப்பாடா. காலையிலருந்து இங்கிலீஷ் பேசிப் பேசி வாய் கோணிப்போச்சு. என் பேர் யமுனா, சென்னையிலருந்து பேசறேன். ரெக்கார்ட் ஆகுது, ஓகேதானே?” என்றாள். “சரிங்க.” “பான் கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க. கொஞ்சம் மேல. சூப்பர்.” கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஜிஎஸ்டி சான்றிதழைக் காட்டச் சொன்னாள், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னாள், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்து ஊதா முத்திரையைப் படிக்கக் கண்ணைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “என்ன மேடம் இது, புரோப்ரைட்ரிக்ஸா? டைனோசர் பேர் மாதிரி இருக்கு.” “பொம்பளை ஓனருன்னா அப்படித்தான் போடோணுமாம். சீலு செய்யறவரு சொன்னாருங்க.” யமுனா வாய்விட்டுச் சிரித்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்து ஜெகநாதன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கஸ்டமர் சம்மதம் வாங்கறீங்கதானே, ஆமாங்க. ஸ்டாப்புன்னு அனுப்பினா நிறுத்திடறீங்களா, ஆமாங்க, நின்னுருது. ஓனர் நீங்க ஒருத்தர்தானா, பார்ட்னர் யாரும் உண்டா? தரைப் பக்கம் பார்க்காமல் கேமராவைப் பார்த்தாள். “நான்தாங்க. நான் மட்டுந்தான்.” சொல்லி முடித்ததும் ஒன்றும் ஆகவில்லை.

“கடைசி ஒண்ணு மேடம், முடிஞ்சுது. சாம்பிள் மெசேஜ் படிக்கறேன். அப்பா காலை உணவு சாப்பிட்டார், இட்லி இரண்டு, மாத்திரை எடுத்துக்கொண்டார், நலமாக இருக்கிறார், அருகில். இதை உங்க ஸ்டாஃப் நேர்ல பாத்துட்டு அனுப்பறாங்கன்னு ஃபார்ம்ல போட்டிருக்கு. அது கரெக்டான்னு ஓனர் வாயால சொல்லணும். ஆமான்னு சொன்னீங்கன்னா நாளைக்கு ஆன் ஆயிடும்.”

கட்டைவிரல் இன்னும் உயர்ந்தே இருந்தது. அதன் நகத்தில் பேனா மை.

“இல்லீங்க,” என்றாள் சுலோசனா.

“சாரி மேடம்?”

“யாரும் பாக்கறதில்லீங்க. எட்டரை ஆனா அதுவே போயிரும்.”

கட்டைவிரல் கீழே இறங்கிற்று. ஜெகநாதன் எழப் பார்த்தார், எழுந்தால் திரையில் தெரிவார், பாதியில் நின்று மறுபடி உட்கார்ந்தார், மூட்டு சொடுக்கிய சத்தம் கேட்டது. “சுலோ,” என்றார் காற்றாக. “பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா மேடம்?” “இல்லீங்க. ஃப்ரிட்ஜுச் சத்தம்.” யமுனா கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டாள், குரலைத் தாழ்த்தினாள். “மேடம், உங்களுக்காகத்தான் சொல்றேன். எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, நானும் டிக் போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவேன். நீங்க இல்லைன்னா நான் ரிஜெக்ட் போட்டாகணும். இது மூணாவது. நம்பர் போயிடும்.”

“போடுங்க கண்ணு.”

புடவையின் விளிம்பை யாரோ இழுப்பது தெரிந்தது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள். யமுனா திரையில் கீழும் மேலுமாகத் தேடினாள். “காரணம் லிஸ்ட்ல ஏழு இருக்கு. பேர் பொருந்தல, அட்ரஸ் இல்ல, சம்மதம் இல்ல… ஓனரே மெசேஜ் தப்புன்னு சொன்னாங்கன்னு ஒண்ணும் இல்லையே மேடம்.”

“மத்ததுன்னு ஒண்ணு இருக்குமே. எல்லா ஃபாரத்துலயும் இருக்கும்.”

“இருக்கு. அதைப் போட்டா விளக்கம் எழுதணும். இதுவரைக்கும் நான் போட்டதே இல்ல.” விசைப்பலகையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். “சரி, நீங்க சொல்லுங்க, அப்படியே டைப் பண்றேன். ஓனர் ஸ்டேட்மென்ட்டுன்னு ஃபைல்ல போயிடும். அப்புறம் யார் கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க, அது பரவாயில்லையா?”

“பரவாயில்லீங்க. ஒருத்தரு கேட்டுட்டுதான் இருக்காங்க.”

“சொல்லுங்க மேடம்.”

“போன மாசம் பன்னெண்டாந் தேதி, வெள்ளிக்கெழம. தாமோதரசாமின்னு ஒருத்தருங்க, சாய்பாபா காலனி…” சுலோசனா நிறுத்தினாள். எதிர் ஃபிளாட்டில் யாரோ குக்கரின் மூடியைத் திறந்தார்கள். “இல்லீங்க, அதுக்கும் முன்னாடியிருந்து சொல்லோணும். மார்ச் மாசமே அவரு எங்கிட்டச் சொன்னாருங்க. இந்த மெசேஜு நெஜம் இல்லைன்னு. என்னைய ஓனருன்னு நெனச்சுச் சொன்னாரு.”

“மெதுவா மேடம்.” விசைகள் தட்டுகிற ஓசை வந்தது, நின்றது. “ஓனருன்னு நெனச்சு. அப்படின்னே போடட்டுமா?”

“வேண்டாமுங்க,” என்றாள். “ஓனர்கிட்டச் சொன்னாருன்னு போடுங்க.”